திருகோணமலையில் நாய், பூனைக்கு இரவில் அவசரம் வந்தால்: எங்கே போவது, என்ன கொண்டுபோவது, எவ்வளவு ஆகும்

வெசாக் போயா அன்று மாலை ஏழரை மணிக்கு, பாலையூற்றில் எங்கள் ஒழுங்கை முகப்பில் வைத்து, எங்கள் நாய் பிரவுணியை ஒரு மோட்டார் சைக்கிள் அடித்துவிட்டுப் போனது. பின்னங்கால் தொடையில் முறிந்து தொங்கியது. ஒரு மிருக வைத்தியர் எங்களுக்குக் கதவு திறக்கும்போது மணி பத்தைத் தாண்டிவிட்டது. அந்த இரண்டரை மணி நேரத்தில் ஆட்டோ ஓடிய தூரத்தைக் கூட்டிப் பார்த்தால் பன்னிரண்டு கிலோமீற்றர்கூட வராது. மிச்ச நேரமெல்லாம் பூட்டிய கேற்றுகளுக்கு முன்னால் நின்றும், யாரும் எடுக்காத தொலைபேசியைக் காதில் வைத்தும் போனது. ஒரு பெயர்ப்பலகையில் இருந்த இலக்கம் பாவனையிலேயே இல்லை. இன்னொரு வைத்தியர் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தார்.

பிரவுணி பிழைத்தாள், இப்போது ஓடவும் செய்கிறாள். ஆனால் அந்த இரண்டரை மணி நேரம் அவள் பட்ட வேதனைக்குக் காரணம் எங்கள் ஆயத்தமின்மைதான். வீட்டில் நாயோ பூனையோ புதிதாக வளர்க்கத் தொடங்கியவர்களும், வேலை மாற்றத்தில் திருகோணமலைக்கு வந்திருப்பவர்களும் இதை இப்போதே வாசித்து, முதல் படியை இன்றைக்கே செய்துவிடுங்கள்.

1. இன்றைக்கே: யார் எப்போது திறப்பார்கள் என்று கேட்டு எழுதுங்கள்

ஒவ்வொரு பிரதேச செயலாளர் பிரிவுக்கும் அரச கால்நடை வைத்திய அலுவலகம் உண்டு. நீங்கள் பட்டினமும் சூழலும் பிரிவா, குச்சவெளியா, கிண்ணியாவா, மூதூரா, தம்பலகாமமா, கந்தளாயா என்று பார்த்து, உங்களுக்குரிய அலுவலகத்துக்குப் பகலில் ஒருமுறை நேரிலேயே போய்வாருங்கள். அது வேலை நாட்களில், அலுவலக நேரத்தில் மட்டும் நடப்பது. அந்த நேரத்திலும் வைத்தியர் மாடு பார்க்க வெளியில் போயிருக்கலாம். எந்த நாளில் அவர் அலுவலகத்தில் இருப்பார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பலர் மறக்கும் விஷயம் போயா. மாதம் ஒருமுறை, கிழமை எதுவாக இருந்தாலும் அது விடுமுறை. வெசாக்குக்கு இரண்டு நாள். அதோடு சனி, ஞாயிறும் சேர்ந்தால் நான்கு நாளுக்கு அரச அலுவலகம் பூட்டு. கலண்டரில் அந்த நாட்களை வட்டமிடுங்கள்.

அப்புறம் தனியார் வைத்தியர்கள். இவர்களிடம் ஆற அமரக் கேட்க வேண்டியவை இருக்கின்றன. இரவு எத்தனை மணி வரை அழைக்கலாம்? பூட்டிய பிறகு எந்த இலக்கத்துக்கு எடுப்பது? பூனை பார்ப்பீர்களா? எக்ஸ்ரே இருக்கிறதா? சேலைன் ஏற்றி இரவு தங்க வைக்க இடம் இருக்கிறதா? நீங்கள் ஊரில் இல்லாவிட்டால் யாரிடம் போவது? கடைசிக் கேள்விதான் முக்கியம். எங்களுக்குக் கதவு திறந்தவரின் இலக்கத்தை, ஊருக்குப் போயிருந்த அந்த வைத்தியர்தான் தந்தார். முதலிலேயே கேட்டு வைத்திருந்தால் எட்டு மணிக்கே போய்ச் சேர்ந்திருப்போம்.

குறைந்தது மூன்று இலக்கங்கள் வேண்டும். தொலைபேசியில் சேமிப்பதோடு நிற்காமல் ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள். வீட்டில் அம்மா மட்டும் இருக்கும்போதும் அவசரம் வரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து, இலக்கங்கள் வேலை செய்கின்றனவா என்று உறுதிசெய்யுங்கள்.

ஆட்டோவும் அப்படித்தான். இரத்தம் வடியும் நாயை ஏற்ற எல்லோரும் சம்மதிக்க மாட்டார்கள். அது அவர்களின் பிழைப்பு, சீற் பழுதாகும். தெரிந்த ஒரு அண்ணாவிடம் முன்கூட்டியே கதைத்து வையுங்கள், ஒரு ரெக்சின் விரிப்பை வீட்டில் வையுங்கள். 1990 இலவச அம்புலன்ஸ் மனிதருக்கு மட்டும்.

2. ஒரு பையில் சேர்த்து வையுங்கள்

தடுப்பூசி அட்டை, பழைய மருந்துத் துண்டுகள், கடைசியாக நிறுத்த எடை எழுதிய சிறு கொப்பி, உங்கள் அடையாள அட்டையின் பிரதி. எடை ஏன் என்றால், மயக்க மருந்திலிருந்து வலி ஊசி வரை எல்லாமே கிலோ கணக்கில்தான். அட்டை ஏன் என்றால், விசர்நாய்க்கடிக்கு ஊசி போட்ட நாயா என்று எங்கும் கேட்பார்கள். பழைய சாரம் இரண்டு, பஞ்சுத் துணி, பண்டேஜ், வெப்பமானி, டோர்ச். காசு கையில் இருக்கட்டும். நள்ளிரவில் அட்டை இயந்திரம் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

3. விடியும் வரை பொறுக்கலாமா?

முதலில் மேல் உதட்டைத் தூக்கி முரசைப் பாருங்கள். நல்ல இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் வெளிறும், எடுத்ததும் இரண்டு செக்கனுக்குள் நிறம் திரும்ப வேண்டும். பிரவுணியின் முரசு அன்று நனைந்த சுண்ணக்கட்டி மாதிரி இருந்தது. அழுத்தி எடுத்த இடத்துக்கும் பக்கத்து இடத்துக்கும் வித்தியாசமே தெரியவில்லை. கால் முறிவைப் பார்த்துத்தான் நாங்கள் பதறினோம். வைத்தியர் காலைத் தொடவே இல்லை. முரசைப் பார்த்துவிட்டு நேரே சேலைன் ஏற்றினார். வண்டி அடித்த நாய் நடந்து திரிந்தாலும், முரசு வெளிறியிருந்தால் உள்ளே இரத்தம் போகிறது என்று நினையுங்கள்.

பிறகு மூச்சு. அமைதியாகப் படுத்திருக்கும் நாயோ பூனையோ நிமிடத்துக்கு முப்பது தடவைக்கு மேல் மூச்சு எடுக்கக் கூடாது. பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது எப்போதுமே அவசரம்.

இவற்றுக்கு விடியும் வரை காத்திருக்க வேண்டாம்: ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடிக்கும் வலிப்பு, அல்லது ஒன்றன்பின் ஒன்றாக வரும் வலிப்பு, அழுத்திப் பிடித்தும் நிற்காத இரத்தம், வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் எதுவும் வராத பெரிய நாய், அரை மணி நேரம் முக்கியும் குட்டி வெளியே வராத தாய், குட்டி நாய்க்கு இரத்தத்தோடு வயிற்றோட்டமும் வாந்தியும்.

ஆண் பூனையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். திரும்பத் திரும்ப மண்ணில் குந்தி, முக்கி, ஒரு சொட்டும் வராமல் கத்தினால் பலர் மலச்சிக்கல் என்று நினைத்து எண்ணெய் பருக்குகிறார்கள். பெரும்பாலும் அது சிறுநீர் அடைப்பு. ஒன்று இரண்டு நாளில் உயிர் போய்விடும். அன்றைக்கே கொண்டுபோக வேண்டும்.

நொண்டினாலும் காலை ஊன்றுகிறது, சாப்பிடுகிறது, முரசு சிவப்பு என்றால் காலை வரை பொறுக்கலாம். ஒரு தடவை வாந்தி எடுத்துவிட்டு விளையாடும் நாயும் அப்படித்தான்.

4. வாயைக் கட்டுங்கள், பிறகு தூக்குங்கள்

உங்களை நக்கியே வளர்ந்த நாயும் வலியில் கடிக்கும். ஒரு நீளத் துணியை மூக்கின் மேல் சுற்றி, தாடைக்குக் கீழே ஒரு முடிச்சுப் போட்டு, காதுக்குப் பின்னால் கட்டுங்கள். வாந்தி எடுக்கும் நாய்க்கும், மூச்சுத் திணறும் நாய்க்கும், சப்பை மூக்கு நாய்க்கும் கட்டக் கூடாது.

முதுகெலும்பில் அடி இருக்கலாம் என்றால் கையில் அள்ளக் கூடாது. நாங்கள் பழைய அலுமாரியின் தட்டு ஒன்றைக் கழற்றி, அதைப் பக்கத்தில் தரையோடு வைத்து, அவள் படுத்திருந்த விரிப்போடு சேர்த்து மெதுவாக இழுத்து ஏற்றினோம். தோளிலும் இடுப்பிலும் சாரத்தால் கட்டினோம். அன்று நாங்கள் சரியாகச் செய்த ஒரே காரியம் அதுதான் என்று வைத்தியர் சொன்னார். முறிந்த காலை நேராக்க முயலாதீர்கள், வீட்டில் தடி வைத்துக் கட்டவும் வேண்டாம்.

பூனைக்கு, உடுப்புப் போடும் பிளாஸ்டிக் கூடை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்த்துக் கயிற்றால் கட்டினால் போதும். கையில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறாதீர்கள். ஹோர்ன் சத்தத்துக்குப் பாய்ந்துவிட்டால் இருட்டில் தேட முடியாது.

5. எதையும் பருக்காதீர்கள்

பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனதோடுதான் சொன்னார், “தம்பி, வலிக்குப் பாதிக் குளிசை குடுங்கோ” என்று. வீட்டில் இருந்த டைக்ளோபெனாக் குளிசையில் பாதியைக் கொடுத்தேன். வைத்தியர் கேட்ட முதல் கேள்வியே “என்ன குடுத்தீங்கள்?” என்பதுதான். அந்த வகை மருந்து ஒன்று உள்ளே போயிருந்தால் அதே வகையைச் சேர்ந்த வலி ஊசியை அதன் மேல் போட முடியாது. வயிறும் சிறுநீரகமும் கெடும். நான் கொடுத்த பாதிக் குளிசையால் அவளுக்குப் போட வேண்டிய ஊசி மறுநாளுக்குத் தள்ளிப்போனது.

பூனைக்குப் பனடோல் கொடுக்கவே கூடாது. ஒரு குளிசையே கொல்லும். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தையும் பூனைக்குப் பூசாதீர்கள்.

நஞ்சு தின்றிருந்தால் உப்புத் தண்ணீர், பால், முட்டை வெள்ளைக் கரு எதையும் வாயில் ஊற்ற வேண்டாம். அரை மயக்கத்தில் இருக்கும் மிருகத்துக்கு அது நுரையீரலுக்குப் போகும். மண்ணெண்ணெயோ அமிலமோ குடித்திருந்தால் வாந்தி எடுக்க வைப்பது இன்னும் மோசம். பக்கற்றை, போத்தலை, மிச்சத்தை ஒரு சொப்பிங் பேக்கில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள். எலிப் பாஷாணத்தில் ஒரு வகை மூன்று நான்கு நாள் கழித்துத்தான் இரத்தப்போக்கைக் காட்டும். தின்றதைக் கண்ணால் கண்டிருந்தால், நாய் நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிடாமல் அன்றே போங்கள். அதற்கு மருந்து இருக்கிறது.

6. கடலும் வெயிலும் உள்ள ஊரில் அடிக்கடி வருபவை

தூண்டில் முள். உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கரையில் நாய் கொண்டு நடப்பவர்களுக்கு இது எந்நேரமும் வரலாம். மீன் வாசத்துக்கு இரையோடு முள்ளை விழுங்கிவிடும், வாயில் தூண்டில் நரம்பு தொங்கும். இழுக்காதீர்கள். இழுத்தால் உள்ளே கிழியும். ஒட்ட வெட்டவும் வேண்டாம். முள் எங்கே இருக்கிறது என்று வைத்தியர் தேட அந்த நரம்புதான் வழி. தொங்கும் நுனியைக் கழுத்துப் பட்டியில் தளர்வாக முடிந்துவிட்டுக் கொண்டுபோங்கள். எக்ஸ்ரே உள்ள இடமாகப் பார்த்துப் போக வேண்டும்.

பேத்தை மீன். கரைவலையில் வந்ததை மீனவர்கள் மணலில் எறிந்துவிடுவார்கள். அதைக் கடித்த நாய்க்குக் கால் தள்ளாடும், எச்சில் வடியும், பிறகு மூச்சுத் தசைகளே நின்றுபோகும். அந்த மீனின் நஞ்சுக்கு முறிமருந்து கிடையாது. விரைவாகப் போனால் மூச்சுக்கு உதவி செய்து காப்பாற்றும் வாய்ப்பு உண்டு.

பாம்பு. கடித்த இடத்தைக் கீறுவது, மேலே கயிறு கட்டுவது, கல் வைப்பது எதுவும் வேண்டாம். நாயை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். பாம்பைத் துரத்தி அடிக்கப் போகாதீர்கள். தூரத்தில் நின்று படம் எடுக்க முடிந்தால் எடுங்கள். நாகம், கண்ணாடிவிரியன் போன்றவற்றுக்கு விஷமுறி ஊசி உண்டு, ஆனால் எல்லா வைத்தியரிடமும் இருக்காது. “பாம்பு கடிச்சிருக்கு, ஊசி இருக்கா?” என்று தொலைபேசியில் கேட்டுவிட்டே வண்டியை எடுங்கள். அது விலை கூடிய மருந்து, ஒரு குப்பி போதாமலும் போகலாம்.

வெயில். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில், தகரக் கூரைக்குக் கீழே கட்டிப்போட்ட நாய்க்கு ஒரு மத்தியானம் போதும். சாதாரணமாக உடம்பின் வெப்பம் 38 முதல் 39 பாகை செல்சியஸ் வரை இருக்கும். 40க்கு மேல் போனால் நிழலுக்குக் கொண்டுவந்து, கிணற்றுத் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, காற்றாடியைப் போடுங்கள். ஐஸ் வேண்டாம், ஈரத் துவாயால் மூடி வைக்கவும் வேண்டாம். 39.5 பாகைக்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்திவிட்டுப் புறப்படுங்கள். எழும்பி நடந்தாலும் வைத்தியரிடம் காட்டத்தான் வேண்டும். சிறுநீரகப் பாதிப்பு அடுத்த நாட்களில்தான் தெரியும்.

கோட்டைப் பக்கமோ பட்டினத்துக்குள்ளோ மானுக்கு அடிபட்டுக் கிடந்தால் தூக்கி ஆட்டோவில் போடாதீர்கள். வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992க்கு அழையுங்கள்.

7. தொலைபேசியில் என்ன சொல்வது

அழுதுகொண்டு “நாய் சாகப் போகுது, வாங்கோ டொக்டர்” என்றுதான் நானும் தொடங்கினேன். அவருக்கு அதிலிருந்து ஒன்றும் விளங்காது. இந்த ஒழுங்கில் சொல்லுங்கள்: நாயா பூனையா, வயது, எடை, என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, இப்போது மூச்சும் முரசும் எப்படி, ஏதாவது மருந்து கொடுத்தீர்களா, தடுப்பூசி உண்டா, எத்தனை நிமிடத்தில் வந்து சேருவீர்கள். அரை நிமிடம் போதும். அழைக்காமல் கேற்றில் போய் நிற்பதைவிட இது பல மடங்கு நல்லது, ஏனென்றால் நீங்கள் வழியில் இருக்கும்போதே அவர் ஆயத்தமாவார்.

8. செலவு

எங்களுக்கு வந்த கணக்கை அப்படியே தருகிறேன். ரூபாயின் பெறுமதியும் மருந்து விலையும் மாறும், அதனால் இதை ஒரு அளவுக்காக மட்டும் எடுங்கள்.

இரவில் கதவு திறந்து பார்த்ததற்கு 5,000 ரூபாய். இரண்டு நாள் சேலைன், ஊசிகள், கட்டு எல்லாம் சேர்த்து 14,500. பேராதனை மிருக வைத்தியசாலைக்குப் போய்வர வான் 38,000. அங்கே எக்ஸ்ரே, இரத்தப் பரிசோதனை, எலும்புக்குத் தகடு வைத்த சத்திரசிகிச்சை, மருந்து என்று 60,000க்குக் கிட்ட. மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு வண்டிக்கே போயிருக்கிறது. இன்னொரு குடும்பத்தோடு வானைப் பகிர முடிந்தால் பகிருங்கள்.

எந்த வைத்தியரிடமும் “இண்டைக்கு எவ்வளவு வரும், நாளைக்கு எவ்வளவு வரும்?” என்று கேட்க வெட்கப்படாதீர்கள். காசு குறைவென்றால் தொடக்கத்திலேயே சொல்லுங்கள். எது உடனடியாக வேண்டும், எது பொறுக்கலாம் என்று பிரித்துச் சொல்வார்கள். எக்ஸ்ரே எடுத்தால் அதன் படத்தையோ பிரதியையோ கேட்டு வாங்குங்கள், அடுத்த இடத்தில் திரும்பக் காசு கட்ட வேண்டி வராது.

9. பேராதனைக்குப் போவதென்றால்

இலங்கையில் மிருக வைத்தியப் பீடம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில்தான் இருக்கிறது. அதன் போதனா வைத்தியசாலைக்குத்தான் பெரிய சத்திரசிகிச்சைகளுக்கு அனுப்புவார்கள். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை வழியாக ஏறத்தாழ 185 கிலோமீற்றர். நிறுத்தங்களோடு ஐந்து மணி நேரம் வையுங்கள்.

இரத்தம் போகும் நாயை, மூச்சுத் திணறும் நாயை நேரே வண்டியில் ஏற்றி ஐந்து மணி நேரம் ஓடாதீர்கள். முதலில் ஊரில் நிலைப்படுத்த வேண்டும். தொடை எலும்பு இரண்டு மூன்று நாள் பொறுக்கும், இரத்தம் பொறுக்காது. பிரவுணியை விடுமுறை முடிந்த பிறகுதான் கொண்டுபோனோம்.

போகும் முன் இவை கையில் இருக்க வேண்டும்: அனுப்பும் வைத்தியரின் கடிதம், கொடுத்த மருந்துகளின் பெயரும் நேரமும், தடுப்பூசி அட்டை, அடையாள அட்டை. மயக்க மருந்துக்கும் சத்திரசிகிச்சைக்கும் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும், ஆகவே முடிவெடுக்கக்கூடிய ஒருவர் கூடப் போகட்டும். சிங்களமோ ஆங்கிலமோ சரளமாக வராதென்றால், நடந்ததை நேர ஒழுங்கில் அரைப் பக்கம் ஆங்கிலத்தில் யாரையாவது கொண்டு எழுதி எடுத்துப் போங்கள். அந்தத் தாளைப் பார்த்துத்தான் அங்கே எங்களோடு கதைத்தார்கள். அன்று எந்தப் பிரிவு நடக்கிறது, எத்தனை மணிக்குள் வரவேண்டும், மயக்க மருந்துக்கு எத்தனை மணி நேரம் சாப்பாடு நிறுத்த வேண்டும் என்பதை முதல் நாளே அழைத்துக் கேளுங்கள்.

நள்ளிரவில் புறப்படத் தோன்றும். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் இரவில் யானை வீதியில் நிற்கும். சாரதி அந்த வழிக்குப் பழகியவராக இல்லாவிட்டால் விடியப் புறப்படுங்கள்.

10. உங்களைக் கடித்திருந்தால்

சொந்த நாய்தானே என்று விடாதீர்கள். காயத்தைச் சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அரச ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊசி தேவையா என்பதை அங்கே தீர்மானிப்பார்கள், கட்டணம் இல்லை. நாயின் தடுப்பூசி அட்டையையும் கொண்டுபோங்கள். விசர் அறிகுறியோடு நாய் இறந்தால் உடனே புதைத்துவிடாமல் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்லுங்கள். தலையைப் பரிசோதனைக்கு அனுப்பினால்தான் கடிபட்டவருக்கு உறுதியான பதில் கிடைக்கும்.

11. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு

எங்கள் வெக்கையில் காயத்துக்கு முதல் எதிரி இலையான். ஒரே நாளில் முட்டையிட்டுப் புழு வைத்துவிடும். காலையும் மாலையும் டோர்ச் அடித்துத் தையலைப் பாருங்கள்; கெட்ட வாசம் வந்தாலோ நாய் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி நக்கினாலோ உரோமத்தை விலக்கிப் பாருங்கள். மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், தசை வெந்துபோகும். கழுத்துக்குக் கூம்பு வாங்க முடியாவிட்டால், பெயின்ற் வாளியின் அடியை வெட்டி, விளிம்பில் துணி சுற்றி மாட்டலாம். பிரவுணி பன்னிரண்டு நாள் அப்படித்தான் இருந்தாள்.

தையல் வெட்டப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். அதற்காகத் திரும்பப் பேராதனை போகத் தேவையில்லை; அங்கே தந்த அறிக்கையோடு உங்கள் அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு ஒரு வேலை நாளில் காலையிலேயே போங்கள். அறிக்கையின் ஒரு பிரதியை எடுத்து முன்பு சொன்ன அந்தப் பையில் போட்டுவிடுங்கள். நாள் குறிக்கும்போது போயாவா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.